டிரைவரும் முப்பது சென்டி ஸ்கேலும்

முதல் தடவை ஸ்கேல் தரையில் விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். அடுத்த தடவையும் அது விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. மறுபடியும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. அதற்குப் பிறகு விழுந்ததற்கெல்லாம் யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் குனிந்து குனிந்து ஸ்கேலை எடுப்பதும், நிமிர்ந்து எழுதுவதுமாக இருந்தாள்.

விஷயம் இதுதான். சாப்பாட்டு மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். வலது கையை மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் பிரித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு மேலே மகள் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்திருப்பாள். சொல்லாமல் கொள்ளாமல் விடுவாள். விழுகிற ஸ்கேலை இரண்டு விரலால் கவ்விப் பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டில் பிடித்தோம் என்று பார்த்தால் கையின் லட்சணம் தெரிந்துவிடும். சின்ன எண் என்றால் சுறுசுறுப்பான கை. பெரிய எண் என்றால் மந்தமான கை. முப்பது சென்டி ஸ்கேலும் முழுசாகக் கீழே போய்விட்டால் அந்தக் கைக்கு என்ன பெயர் என்று மகளின் புத்தகத்தில் போடவில்லை.

டிரைவரின் மனைவி சட்டை தைக்கும் ஆலையில் காலர் பிரிவில் வேலை பார்ப்பவள். தங்கையோடு போனில் பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பேச்சை நிறுத்தாமலே ஸ்கேலைப் பாதியில் பிடித்தாள். “ஆமாடி, அதைத்தான் நானும் சொன்னேன்” என்றபடி எழுந்து போய்விட்டாள். கீழ் வீட்டு வங்கிக் குமாஸ்தா எந்த நேரமும் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி இருப்பார். அவர்கூட ஸ்கேலின் வால் பக்கத்திலாவது பிடித்துவிட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரேக் போட்டுப் பிழைப்பு நடத்துகிற மனிதருக்குத்தான் ஸ்கேல் அகப்படவே இல்லை.

குமாஸ்தா போகிறபோது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “நாளைக்கு நான் உங்க பஸ்ஸுலதான் வரணும், டிரைவர் சார். இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்” என்றார். நல்ல மனுஷர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். டிரைவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

இந்தச் சோதனையே அவரை நம்பித்தான் தொடங்கியது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கடையில் பாதி செய்து விற்கிற மாதிரிகளை வாங்கி மீதியை ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்று அறிவியல் டீச்சருக்குத் தெரியும். அதனால் இந்த வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும், என்ன நடக்கும் என்று முன்னாலேயே ஊகித்து எழுதிவிட வேண்டும், அப்புறம்தான் சோதனை, முடிவு, காரணம். அட்டையில் இந்த ஐந்துக்கும் கட்டம் போட்டு வர வேண்டும்.

‘தொழில் மாறினால் கையின் வேகம் மாறுமா?’ என்று மகள் கேள்வி எழுதினாள். ஊகம் என்ற கட்டத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், ‘பேருந்து ஓட்டுநரின் கையே மிக வேகமானது’ என்று எழுதினாள். எழுதியதோடு நிற்கவில்லை. எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டே பிடிப்பார் என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு வந்திருந்தாள்.

டிரைவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. அவருடைய கதையே வண்டியோடு ஒட்டியதுதான். மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர். லாரி முதலாளி ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்த மட்டும்தான் விடுவார் என்பதால், முன்னால் ஓட்டக் கற்பதற்கு முன்பே பின்னால் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் எடுத்து, பஸ்ஸில் சேர்ந்து, சந்தையை ஒட்டிய டிப்போவில் கிளம்பிப் பெரிய ஆஸ்பத்திரியில் முடிகிற தடத்துக்கு வந்து தலைமுடி பாதி நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் அவர் வண்டி மோதியது ஒரே ஒரு முறை, அதுவும் டிப்போவில் வண்டி கழுவுகிற இடத்துச் சுவரில். மாசமாக இருக்கிற பெண்கள் செக்கப்புக்குப் போகும்போது முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்காக நிற்பார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். குலுக்காமல் கொண்டுபோய் இறக்குவார் என்று பேர்.

அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து வந்ததாக அவருக்குத் தோன்றியது. பேர் போனால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே கை மந்தமாகிவிட்டதென்றால்?

இன்னொரு சங்கதியும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது. டிப்போவில் டைம் கீப்பர் ஓய்வு பெறப் போகிறார். கண்ணாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று குறிக்கிற வேலை. மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டு, முதுகு வலி இல்லாத வேலை, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். வண்டி போவதை வேடிக்கை பார்க்கவா டிரைவர் ஆனேன் என்று அவர் அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டார். மேனேஜர் விடவில்லை. அவசரமில்லை, யோசித்துத் திங்கட்கிழமை சொல் என்றார். கண்காட்சி அதற்கு முந்தின சனிக்கிழமை.

டிரைவர் மனசுக்குள் ஒரு முடிவு செய்தார். பிள்ளை சோதனையைச் சரியாகச் செய்து முடிக்கட்டும். அப்போதும் கை மந்தம் என்றே வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அந்த நாற்காலிக்குப் போய்விடுவது. இதை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் வண்டியை எடுத்தவருக்கு ஓட்டுவதே மறந்துபோன மாதிரி இருந்தது. அதுவரை கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்க ஆரம்பித்துவிட்டார். கியர் மாற்றும்போது, இப்போது மாற்றினேனே, அது சீக்கிரமா, தாமதமா? ஹாரன் அடிக்கும்போது, நினைத்ததும் அடித்தேனா, நினைத்து முடித்த பிறகு அடித்தேனா? நடக்கிறவன் தன் காலை எண்ணிக்கொண்டே நடந்தால் தடுக்கி விழுவான் இல்லையா, அந்தக் கதைதான். வண்டி குலுங்கியது. சிக்னலில் இரண்டு வண்டி தூரம் இருக்கும்போதே நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள்.

கண்டக்டர் இளவட்டம். இவரோடேயே பல வருஷமாக வருகிறவன். பின்வாசலிலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, “என்னண்ணே, புதுசா எல் போர்டு ஏதும் மாட்டியிருக்கோமா? பின்னாடி ஒரு அம்மா வாந்தி வருதுங்குது” என்று காதோரம் சொன்னான்.

அன்றைக்கே, பாலத்து இறக்கத்தில், ஏதோ கடையிலிருந்து காற்றில் பறந்த அட்டைப்பெட்டி ஒன்று ரோட்டுக்கு நடுவே உருண்டு வந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். என்ன அது என்று யோசித்தார். யோசித்து முடிக்கும்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மேல் விழுந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் இயந்திரத்தோடு கியர் பெட்டி வரைக்கும் வந்து விழுந்தான். வெறும் அட்டைப்பெட்டிக்கா இந்தப் பிரேக் என்று வண்டி முழுக்க ஏச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். தான் நிறுத்தியதாகவே அவருக்கு நினைவில்லை. ஒரு முடிவும் எடுக்காமலே வண்டி எப்படி நின்றது? கை மந்தம் என்ற குழப்பத்தோடு, புத்தியும் பிசகுகிறதோ என்ற இரண்டாவது குழப்பமும் சேர்ந்துகொண்டது.

மதியம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, எதிர்க்கடையில் ஒரு ஸ்கேல் வாங்கிவந்து கண்டக்டரிடம் கொடுத்து, போடச் சொன்னார். கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அண்ணன் சொன்னால் கேட்கிறவன். ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் விரல்களுக்கு நடுவே போட்டான். ஸ்கேல் நேராக அவர் செருப்பில் போய் விழுந்தது. அப்புறம் இவர் போட, அவன் சில்லறை பிடிக்கிற லாவகத்தில் பிடித்தான். அவனுக்கு அது விளையாட்டு. இவருக்கு மண்டை காய்ந்தது.

டிப்போவில் முதலுதவி அறை உண்டு. வருஷாந்தர உடல் தகுதிச் சோதனைக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பது அங்கிருக்கும் நர்ஸ் அம்மாதான். இரண்டு நாள் பொறுத்து டிரைவர் அங்கே போய், கை சீக்கிரம் வேலை செய்வதற்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். நர்ஸ் அவர் கையைப் பிடித்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், விரலை மூக்கில் தொடச் சொன்னார், கண்ணுக்கு முன்னால் பேனாவை ஆட்டினார். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார் நர்ஸ்.

“சிஸ்டர், கோளாறு கையிலங்க. நீங்க காலைத் தட்டுறீங்களே.”

“கையையும் பாத்தாச்சு. கையும் நல்லாத்தான் இருக்கு. தூக்கம் எப்படி?”

தூக்கம் போய் மூன்று நாளாகிறது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் வண்டி ஏறக் கூடாது என்று எழுதிவிடுவார் என்ற பயம். நர்ஸ் அவர் கண்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படு, நாளைக்கு விடுப்பு போடு, தூங்காமல் வண்டி எடுத்தால் நானே மேனேஜரிடம் சொல்வேன் என்று அதட்டி அனுப்பினார்.

வீட்டிலோ மகள் அவரைவிடக் குழம்பிப் போயிருந்தாள். ஊகம் கவிழ்ந்துவிட்டது. அது பரவாயில்லை, ஊகம் தப்பானாலும் மார்க் உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. டிரைவர் அவளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அப்பாவை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் போட்டால் என்ன என்று கேட்டார். பிடிக்காத எண் வந்ததற்காக யாரையும் அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது டீச்சரின் சட்டமாம். ஒரே ஸ்கேல், ஒரே நாற்காலி, ஒரே கை, ஒரே நேரம், ஒருவரையும் விடக் கூடாது. எல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்.

ஒரே நேரம் என்றதும் மகளுக்குப் பொறி தட்டியது. அப்பா வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் அல்லவா போட்டோம்? காலையில் போட்டால்? ஆனால் அவரை மட்டும் காலையில் போட முடியாது. எல்லோரையும் மறுபடி காலையில் போட வேண்டும். ஆக, டிரைவர் விடுப்பில் இருந்த அன்று காலை, கீழ் வீட்டுக் குமாஸ்தா ஈரத் தலையும் தோளில் துண்டுமாக மாடியேறி வந்து உட்கார்ந்தார். ஆபீசுக்குப் போகிறவனை ஸ்கேலுக்குக் கூப்பிடுகிற வீடு இதுதான் என்று முணுமுணுத்தார். ஆனால் வந்தார். முன்னைவிட ஒரு கோடு முன்னால் பிடித்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

டிரைவர் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். முகம் கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்து, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் விழுந்தது. மறுபடி விழுந்தது. மனைவி கொண்டுவந்து வைத்த டீ தம்ளரிலிருந்து தளும்பி மேஜையில் ஓடியது.

“ஸ்கேல் மேல இருக்கிற கோபத்தை மேஜை மேல எதுக்குக் காட்டுறீங்க?” என்றாள் மனைவி.

“நான் எங்கே காட்டினேன்?”

“உதைச்சீங்களே.”

உதைக்கவே இல்லை என்று அவர் சாதித்தார். சோதனை நடக்கும்போது பேசக் கூடாது என்று மகள் அம்மாவை அடக்கினாள். மனைவி துணியை எடுத்து வந்து மேஜையைத் துடைத்துவிட்டு, தரையில் சொட்டியதைத் துடைக்க மேஜைக்குக் கீழே குனிந்தாள். அந்த நேரம் மகள் ஸ்கேலை விட்டாள். மனைவி குனிந்தபடியே துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

“இன்னொரு தடவை விடு” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

விட்டாள்.

“இன்னொண்ணு.”

விட்டாள். மனைவி வெளியே வந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “மனுஷன் பிரேக் போடுறாரு” என்றாள். தைக்கிற இயந்திரத்தைக் காலால் ஓட்டுகிறவள் அவள். கால் சும்மா ஆடுவதற்கும் மிதிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதா?

டிரைவர் நம்பவில்லை. தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு, போடச் சொன்னார். அவர் பார்க்கும்போது கால் பூனை மாதிரி அசையாமல் கிடந்தது. கையும் அசையவில்லை. ஸ்கேல் விழுந்ததுதான் மிச்சம். விரலைப் பார்க்கச் சொல்லிவிட்டு மகள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தாள். மனைவி ஸ்கேலை விட்டாள். ஸ்கேல் விடுபட்டதும் அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. குதிகால் ஊன்றி, முன்பாதம் இறங்கி, மேஜைக்காலில் பட்டு, அதனால்தான் டீ சிந்தியிருக்கிறது. மேலே கை மட்டும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மாதிரி, இருந்த இடத்திலேயே இருந்தது.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் குதித்தாள். அடுத்த நிமிஷமே, இது காரணமா, இன்னொரு கேள்வியா என்று உட்கார்ந்துவிட்டாள். காலைக் கட்டிப்போட்டால் கை வேலை செய்யுமா? இரண்டு காலையும் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிப் போட்டாள். சில தடவை ஸ்டூல் சுவரோரம் பறந்தது. சில தடவை அவர் ஸ்கேலைப் பிடித்தார். முதல்முறையாகப் பிடித்ததும் வீடே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் எண்ணைப் பார்த்தால் மனைவிக்குப் பின்னால், குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் முன்னால். வேகமும் இல்லை, மந்தமும் இல்லை. ரெண்டுங்கெட்டான்.

இப்போது எதை எழுதுவது? அப்பா காலைத் தூக்கினால் எல்லோரும் காலைத் தூக்க வேண்டுமே. குமாஸ்தா மூன்றாம் முறையாக வந்து ஸ்டூலில் காலை நீட்டிச் சொகுசாக உட்கார்ந்து, எல்லோரையும்விட முன்னால் பிடித்துத் தொலைத்தார். வங்கியிலும் இப்படி உட்கார விட்டால் நான் எவ்வளவு வேலை செய்வேன் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, காலுக்கே ஒரு சோதனை வைத்துவிடலாம் என்று மகள் அடுத்து யோசித்தாள். ஸ்கேலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து விடுவது, அதைச் செருப்புக் காலால் சுவரோடு அழுத்தி நிறுத்துவது. மனைவி நிறுத்தினாள், கொஞ்சம் தாமதமாக. டிரைவரின் முறை வந்தது. விட்ட ஸ்கேல் மேலேயே நின்றது. கூடவே படக்கென்று ஒரு சத்தம். மரஸ்கேல் நடுவில் பிளந்துவிட்டது. எந்தக் கோட்டில் நிறுத்தினார் என்று பார்க்க அந்த இடத்தில் கோடே இல்லை. சிலாம்புதான் இருந்தது.

“ஒரே ஸ்கேல்னு டீச்சர் சொன்னாங்கப்பா” என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்குப் போய் வேறு ஸ்கேல் வாங்கி வந்தார். மரம் கிடைக்கவில்லை, பிளாஸ்டிக்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் லேசானது, அது வேறு மாதிரி விழுமோ என்று புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. மகள் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டீச்சர் கேட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுது, ஸ்கேல் உடைந்ததையும் எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடு என்றாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் தரையில் அட்டையை விரித்து, கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தாள். டிரைவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாக்களின் மூடியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டுவிட்டார்.

“உன் சோதனைப்படி அப்பா வண்டி ஓட்டலாமா, கூடாதா?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அதை நான் கேள்வியிலயே எழுதலையேப்பா.”

“எழுதலை சரி. இவ்வளவு போட்டுப் பாத்தியே. என்ன தோணுது?”

“இது ஸ்கேல் பிடிக்கிற சோதனைப்பா. பஸ்ஸுக்கு இல்லை.”

“ஸ்கேலே பிடிக்காத கை பஸ்ஸைப் பிடிக்குமா?”

மகள் பேனாவை வைத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். டைம் கீப்பர் நாற்காலி விவகாரம் அப்போதுதான் வெளியே வந்தது. மனைவிக்கு வந்த கோபத்தில், ஸ்கேல் உடைந்ததோடு போயிற்று, கரண்டி உடையாமல் இருந்தது பெரிசு. பல வருஷம் வண்டி ஓட்டியது கணக்கில்லையாம், ஒரு வாரம் மேஜைக்கடியில் உதைத்ததுதான் கணக்காம் என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் பேனாவை மறுபடி எடுத்து ‘காரணம்’ கட்டத்தில் எழுதினாள்: ‘ஓட்டுநருக்குக் கைக்கு முன்னால் கால் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உறுதியாகத் தெரியவில்லை.’ உறுதியாக என்ற சொல்லை அடித்துவிட்டு, திரும்பவும் எழுதினாள்.

கண்காட்சி பள்ளியின் கூடத்தில் நடந்தது. வரிசையாக மேஜைகள். பக்கத்து மேஜையில் ஒரு பையன் உருளைக்கிழங்கில் கம்பி செருகி விளக்கு எரிய வைத்திருந்தான். அந்தப் பக்கம் மழைநீரை வடிகட்டுகிற ஒரு பெரிய குழாய்க் கோபுரம். மகளின் மேஜையில் ஓர் அட்டை, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், உடைந்த மரஸ்கேல், பிளாஸ்டிக் ஸ்டூல், இரண்டு நாற்காலி. அவ்வளவுதான். டிரைவர் சலவைச் சட்டையில், சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை அட்டையை மேலிருந்து கீழாகப் படித்தார். கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் டிரைவரை உட்காரச் சொன்னார். ஸ்கேல் விழுந்தது, கால் மிதித்தது. பேராசிரியை அதை இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

“கால் முந்துறதாலதான் கை பிந்துதுன்னு எப்படிச் சொல்றே? கை தானாவே மந்தமா இருந்து, காலும் தன் பாட்டுக்கு ஆடலாமே?”

டிரைவர் வாரம் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். அதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது தப்பிக்கவே வழியில்லை போலிருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு பேராசிரியையைப் பார்த்தாள்.

“சொல்ல முடியாது மேடம். அதுக்கு வேற ஒரு சோதனை செய்யணும்.”

“என்ன சோதனை?”

“இன்னும் தெரியலை, மேடம். இதை வச்சுக்கிட்டு எங்கப்பா கை மந்தம்னும் சொல்ல முடியாது. வேகம்னும் சொல்ல முடியாது. நான் முதல்ல வேகம்னு சொன்னதே தப்பு.”

பேராசிரியை தன் தாளில் என்னவோ நீளமாக எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். அவர் எழுதியது பாராட்டா, குட்டா என்று அப்பனுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. பரிசு மழைநீர்க் கோபுரத்துக்குப் போனது.

ஆனால் கூட்டம் என்னவோ இந்த மேஜையில்தான் மொய்த்தது. டிரைவர் மதியம் முழுக்க நாற்காலியைவிட்டு எழவே முடியவில்லை. பிள்ளைகள் மாற்றி மாற்றி ஸ்கேலைப் போட்டார்கள். கால் மிதிக்க மிதிக்கக் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் பஸ்ஸில் வருகிற பெற்றோர் சிலர் அடையாளம் கண்டுகொண்டு வந்து நின்றார்கள். இவ்வளவு மெதுவான கையா என்றார் ஒருவர். இவ்வளவு வேகமான காலா என்றார் இன்னொருவர். இருவரும் அங்கேயே வாக்குவாதம் செய்துகொண்டு நின்றார்கள். கண்டக்டரும் வந்திருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருவது அவனுக்குப் பழக்கம்தானே.

“இத்தனை வருஷமா இவர் வண்டியில நிக்கிறேன்” என்று அவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். “நான்தான் முன்னாடி போய் விழுந்திருக்கேனே ஒழிய, வண்டி யார் மேலயும் போய் விழுந்ததில்லை. அன்னைக்கு ஒரு அட்டைப்பெட்டிக்கு நிறுத்தினாரு பாருங்க, என் முட்டி இன்னும் வீங்கியிருக்கு. இதை எந்தக் கட்டத்துல போடுவே, பாப்பா?”

மகள் யோசித்தாள். அது சோதனையில் சேராது, யாரும் அளக்கவில்லை என்றாள். சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டாள். தெரியவில்லை என்றார். எப்போது பிரேக் போட முடிவு செய்தீர்கள் என்று கேட்டாள். முடிவே செய்யவில்லை, நின்றுவிட்டது என்றார். மகள் ஸ்கெட்ச் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கையில் ஏதோ கோளாறு என்று பார்க்கிற பார்வையாக அது இல்லை.

திங்கட்கிழமை காலை டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் கண்ணாடி அறையைக் கடந்துதான் போனார். நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னய்யா முடிவு பண்ணினே?” என்றார் மேனேஜர்.

டிரைவர் வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அங்கே நின்றதும் எல்லாம் கலைந்து போயிற்று. கை மந்தம், அதனால் வருகிறேன் என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. கை வேகம், அதனால் வரமாட்டேன் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

“இப்ப வேண்டாம் சார். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு.”

“என்ன சோதனை? ரத்தமா, எக்ஸ்ரேயா?” மேனேஜர் பதறிப்போய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இல்லை சார். ஸ்கேல்.”

மேனேஜர் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“அது எப்ப முடியும்?”

“என்ன சோதனைன்னு பாப்பா இன்னும் கண்டுபிடிக்கலை சார். கண்டுபிடிச்சாதான் சொல்ல முடியும்.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். கடைசியில், போய் வண்டியை எடு, நேரமாகிறது என்று கையை வீசினார். அந்த வாரமே டைம் கீப்பர் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் அன்று மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது பஸ்ஸில் பாதி இடம் நிறைந்திருந்தது. முன் இருக்கையில் நிறைமாதக்காரி ஒருத்தி, மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, சாவியைத் திருப்பினார். கை எப்போது நகர்ந்தது, கால் எப்போது நகர்ந்தது என்று கவனிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தான். அவர் கவனிப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டியிருந்தது.